மூன்றாம் ஓலை

கோயிலில் ஓலை வாசிக்கும் நேரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நற்கருணை வாங்கியாயிற்று, கடைசி ஆசீர்வாதம் மட்டும்தான் பாக்கி. பாதிப் பேர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மனத்துக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் மதியக் குழம்புக்கு வஞ்சிரமா சங்கராவா என்ற யோசனையில் இருப்பார்கள். அந்தச் சந்தடியில் சாமியார் மைக்கில் படிப்பார்: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இது முதல் ஓலை, தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. ராயபுரத்தில் ஒருவராவது போய் ஒரு தடையைத் தெரிவித்ததாக ஐரீன் கேள்விப்பட்டதில்லை. தெரிந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? நமக்கேன் வம்பு என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள்.

அந்த ஞாயிறு பாஸ்கலின் மகள் சாண்ட்ராவுக்கு முதல் ஓலை. பாஸ்கல் துறைமுகத்தில் முப்பது வருஷம் நிலக்கரி இறக்கியவர், ஐரீனின் அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முன் வரிசையில், மகள் பெயரை மைக்கில் கேட்கிற பூரிப்போடு உட்கார்ந்திருந்தார். ஓலையை மடித்துவிட்டுச் சாமியார் இன்னொரு தாளை எடுத்தார்.

"நிலக்கரித் தூசியில் வேலை செய்து மூச்சு இளைப்பு வந்தவர்களுக்கு ஒரு புதிய மாத்திரையை வைத்து ஆய்வு நடக்கவிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்கலாம். மூன்று வாரமும் இந்த அறிவிப்பு வாசிக்கப்படும்."

ஐரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மைக்கில், இதேபோல ஓலைக்கு அடுத்தபடியாக, இப்படி ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அதை எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

ஐரீனுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. நர்ஸ் இல்லை, கிளார்க்கும் இல்லை. மருந்துக் கம்பெனிகள் புது மருந்தைக் கடைக்கு அனுப்புமுன் மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்கும் அல்லவா, அந்த ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது, விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, மாத்திரை டப்பா கொடுப்பது, மாதம் முடிந்ததும் டப்பாவைத் திரும்ப வாங்கி மிச்சத்தை எண்ணுவது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி வைப்பது அவள் பொறுப்பு. டாக்டர் தவசிமுத்து பெயரில் ஆய்வு நடக்கும். நடத்துகிறவள் ஐரீன். அதில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் அவளைக் கெடுத்தது என்றும் சொல்லலாம்.

வாசலில் பாஸ்கல் அவளை மடக்கிவிட்டார்.

"இன்னா ஐரீனு, கண்டுக்காம போய்கினே கீற? பொண்ணுக்கு மொத ஓலை வுழுந்துச்சே, கேட்டியா?"

"கேட்டேன் அங்கிள். ரொம்ப சந்தோஷம்."

"இந்தா, இத்தக் கொஞ்சம் படிச்சு சொல்லு. பொடி எழுத்தா கீது, கண்ணு புடிக்கல. இத்த நடத்தப்போற அந்தப் புது ஆஸ்பத்திரிக்காரங்க நேத்தே வந்து குட்த்துட்டுப் போனாங்க." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்து நீட்டினார். "கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம் கீதும்மா. பொண்ணு கையப் புடிச்சுகினு வாசல்லேர்ந்து பீடம் வரிக்கும் கூட்டிகினு போவணும். நட்டநடுவுல நின்னு நாய் மாதிரி மூச்சு வாங்கினா நல்லாவா இருக்கும்?"

ஐரீன் படித்தாள். கம்பெனி பெயர் வேறு. மாத்திரைக்கு வைத்த பெயரும் வேறு. ஆனால் அடியில் அடைப்புக்குள் மருந்தின் ரசாயனப் பெயர் இருந்தது. அதை அவள் நாலு வருஷத்துக்கு முன்னால் அறுநூறு தடவையாவது எழுதியிருப்பாள். பழைய கம்பெனி மருந்தை இன்னொருவருக்கு விற்றிருக்கிறது. அளவு மட்டும் இப்போது இரண்டு மடங்கு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'இம்மருந்தினால் இதயப் படபடப்பு ஏற்பட்டதாக இதுவரை வெளிவந்த தகவல் எதுவும் இல்லை.'

அந்த வரியில் பொய் இல்லை, வெளிவந்த தகவல் எதுவும் இல்லைதான். வெளிவராமல் பார்த்துக்கொண்டவள் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா போட்டுக்கீது?"

"சாயந்திரம் நிதானமா படிச்சுட்டு சொல்றேன் அங்கிள்," என்று சொல்லி நழுவினாள்.

நடந்தது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆய்வில் அறுபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கல்மண்டபத்துச் சந்துகளில் இருப்பவர்கள். ஐரீன் பொண்ணு கேட்கிறாள், சாமியார் கோயிலில் படித்திருக்கிறார், அப்புறம் என்ன யோசனை என்று வந்தவர்கள். அவர்களை உட்கார வைத்து ஐரீன் ஒழுங்காகத்தான் விளக்கினாள். பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாஸ்கலும் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்ருதீனும் தலையாட்டினார். பக்ருதீன் தண்டையார்பேட்டை நிலக்கரிக் கோடவுன் ஒன்றில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. பாஸ்கலும் அவரும் இருபத்தஞ்சு வருஷத்துத் தோஸ்துகள். பண்டிகை வந்தால் பிரியாணியும் கேக்கும் மாறி மாறிப் போகும். தினமும் காலையில் ஒரே கடையில் டீ, சாயங்காலம் மீன்பிடித் துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து அரட்டை. இரண்டு பேருக்கும் ஒரே தூசி, ஒரே இளைப்பு.

ஒன்றரை வருஷம் கழித்து ஆய்வு முடிந்து கடைசி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்றுதான் பாஸ்கல் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"ஒருத்தனுக்கு நெஜம், ஒருத்தனுக்கு டூப்பு வரும்னு நீதான சொன்ன? ரெண்டு பேர்ல ஒருத்தன் ஏமாந்து போறதா? அது இன்னா நாயம்? அத்தான் நானும் பாயும் பேசி வெச்சுகினோம். காலைல என் டப்பாலேர்ந்து ஆளுக்கு ஒண்ணு. சாயந்தரம் அவன் டப்பாலேர்ந்து ஆளுக்கு ஒண்ணு. எவன் டப்பால எது இருந்தா இன்னா, ரெண்டு பேருக்கும் பாதி நெஜம் கெடச்சுரும்ல?"

மாதாமாதம் அவள் எண்ணிய மாத்திரைக் கணக்கு ஒன்றுகூடக் குறையாமல் சரியாக வந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு போக வேண்டும், இரண்டும் போயிருந்தன. யார் வயிற்றுக்குப் போயின என்பதை எந்தக் கணக்கு சொல்லும்?

ஐரீன் மற்றவர்களிடமும் பேச்சுவாக்கில் விசாரித்தாள். பாஸ்கலின் யோசனை சந்து முழுக்கப் பரவியிருந்தது. அண்ணனும் தம்பியும், புருஷனும் பெண்டாட்டியும், எதிர் வீட்டு ஆளும் பக்கத்து வீட்டு ஆளுமாக எட்டு ஜோடி. எல்லோரும் பங்கு போட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தர் முகத்திலும் குற்ற உணர்ச்சி இல்லை. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட்டதில் என்ன தப்பு?

அதை அப்படியே எழுதி டாக்டரிடம் கொடுத்திருக்க வேண்டும். அது அவள் வேலையின் முதல் பாடம். கொடுக்கவில்லை. கொடுத்தால் ஆய்வு நாறிவிடும், அவள் பெயரும் நாறிவிடும், அடுத்த ஆய்வு இந்த ஆஸ்பத்திரிக்கு வராது. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளி வைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

பிறகு முடிவு வந்தது. மருந்து மாத்திரையால் மூச்சு இளைப்பு ஒன்றும் குறையவில்லை. கூடவே, ஆய்வு நடக்கும்போது ஏழு பேருக்கு இதயப் படபடப்பு வந்திருந்தது. அதில் நாலு பேர் மருந்து மாத்திரைக்காரர்கள், மூணு பேர் வெறும் மாத்திரைக்காரர்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம் என்பதால் மருந்தின் மேல் பழி இல்லை என்று காகிதம் சொன்னது. ஆனால் அந்த மூணு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள் என்பது ஐரீனுக்கு மட்டும் தெரியும். வெறும் மாத்திரை வாங்கிய கைக்கு மருந்து மாத்திரையும் தினமும் வந்துகொண்டிருந்தது. அந்த மூணு பேரில் ஒருவர் பக்ருதீன்.

படபடப்பு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் மனிதர். அப்போது யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாது. ஆய்வு முடிந்து ரகசியம் பிரித்த பிறகு அவர் ஐரீனிடம் வந்து கேட்டார்: "எனக்கு அன்னிக்கு நெஞ்சு அடிச்சுகிச்சே, அது மாத்திரையாலயாம்மா?"

"ரிப்போர்ட்ல அப்படி இல்ல பாய். மாத்திரையால இல்ல," என்றாள் ஐரீன்.

"அப்ப என் நெஞ்சே வீக்குதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் தவசிமுத்துவும் காகிதத்தை நம்பி, பளு வேலை வேண்டாம், இதய மாத்திரை தொடர்ந்து சாப்பிடுங்கள் என்றார். பக்ருதீன் மேஸ்திரி வேலையை விட்டார். அவர் மனைவி ரஹீமுன்னிசா அவரை மாடிப்படி ஏற விடுவதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்க விடுவதில்லை. இதெல்லாம் ஐரீனுக்குத் தெரியும். ஒரே தெருவழியாகத்தானே தினமும் போகிறாள்? அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் இந்தப் பக்கம் திரும்பி எதிர்க் கடையில் எதையோ பார்ப்பதுபோலக் கடந்துவிடுவாள்.

முடிவைக் கட்டுரையாக எழுதி ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். அவளே எழுதினாள். முதல் பத்திரிகை, பலன் இல்லாத மருந்து பற்றி எங்கள் வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது என்று திருப்பிவிட்டது. இரண்டாவது பத்திரிகை ஏற்கலாம் என்று சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டது. வெறும் மாத்திரை சாப்பிட்ட மூணு பேருக்கு எப்படிப் படபடப்பு வந்தது? விளக்கவும்.

எங்கேயோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவர், அவள் ஒளித்து வைத்த இடத்திலேயே விரலை வைத்துவிட்டார். பதில் அவளிடம் இருந்தது. நாலு வரி எழுதினால் போதும். அந்த மின்னஞ்சலை மூடியவள் அப்புறம் திறக்கவில்லை. டாக்டர் கேட்டபோது, "பத்திரிகையிலேர்ந்து இன்னும் பதில் வரல டாக்டர்," என்றாள். ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை கேட்டார். அதே பதில். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. கம்பெனியும் கேட்கவில்லை. ஆய்வுகளைப் பதிந்து வைக்கும் பொதுப் பட்டியலில் 'ஆய்வு முடிந்தது' என்று இருக்கும். முடிவு என்ற கட்டம் காலி. இரண்டு வருஷமாகக் காலி.

இரண்டாம் ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள், அறிவிப்பையும் வாசித்தார்கள். அன்றைக்குப் பாஸ்கல் அவளை விடவில்லை. கையில் பேர்ப்பட்டியலே வைத்திருந்தார்.

"நம்ம சந்துல மட்டும் பதினோரு பேரு கையெழுத்து போட்டாச்சு! மூணாம் ஓலை முடிஞ்சு வர்ற செவ்வாகெழம டெஸ்ட்டு, அன்னிக்கே டப்பா குட்த்துருவாங்களாம். பாயி மொதல்ல வரலன்னான். நான் வுட்டனா? இஸ்த்துகினு போய் பேர் குட்த்தேன்."

"பாய்க்கு ஹார்ட் பிரச்சினை இருக்கே அங்கிள்? சேத்துக்க மாட்டாங்களே?"

பாஸ்கல் குரலைத் தாழ்த்தினார். "அத்தச் சொல்ல வேணாம்னு சொல்லிட்டேன். பாவம்மா அவன், வூட்லயே அடஞ்சு கெடக்கறான். எங்களுக்குப் பழக்கமானதுதான? காலைல என் டப்பா, சாயந்தரம் அவன் டப்பா."

ஐரீன் வீட்டுக்கு வந்தாள். சோற்றைப் போட்டுவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. இரண்டு மடங்கு அளவு. ஏற்கெனவே அடிபட்ட நெஞ்சு. அதை மறைத்துக்கொண்டு போகிற மனிதர். அவள் எழுதாமல் விட்ட நாலு வரி இப்போது பதினோரு பேரைச் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிறுத்தப்போகிறது. நான் என்ன, கையைப் பிடித்தா ஊட்டினேன் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் தவசிமுத்துவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாசரேத் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

"ஏம்மா, நீ என்ன சொல்லுத? பதில் வரலன்னுதானே ரெண்டு வருஷமா சொன்னே?"

"வந்தது டாக்டர். நான்தான் மறைச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள். திட்டினால் பாரம் கொஞ்சம் இறங்கும்போல இருந்தது. அவர் திட்டவில்லை.

"அந்த பாய்க்கு நான்தானே வேலைய விடச் சொன்னேன்," என்றார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "நீ பொய் சொன்னே, சரி. நான் ஏன் ரெண்டு தடவைக்கு மேல கேட்கல, தெரியுமா? மருந்து நல்லா வேலை செஞ்சிருந்தா தினம் வந்து உன் உசிர எடுத்திருப்பேன். எப்ப வருது, எப்ப வருதுன்னு. இது தோத்துப் போன மருந்து. வராட்டி எனக்கென்னன்னு இருந்துட்டேன். கம்பெனிக்காரனும் அப்படித்தான். ஒருத்தனும் பூட்டிப் பதுக்கல. யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

அன்றைக்கே அவர் புது ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதினார். எட்டு ஜோடிகளின் விவரத்தையும் ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். புது ஆஸ்பத்திரிக்காரர்கள், பார்க்கிறோம், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமையை ஒத்தி வைப்பதாகச் சொல்லவில்லை. ஆகவே சந்துக்குப் போய்ச் சொல்வது மிச்சமிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்கல் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஆலிஸ் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். பாஸ்கல் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். மருந்து மாத்திரை இருந்தது அவர் டப்பாவில். பக்ருதீனின் டப்பாவில் இருந்தது வெறும் மாத்திரை. பக்ருதீனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது பாஸ்கலின் டப்பாவிலிருந்து காலையில் வாங்கிப் போட்ட மாத்திரையால்தான் என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

"நீங்க அன்னிக்கே என்னாண்ட சொன்னீங்க அங்கிள். நான்தான் யாராண்டயும் சொல்லல. தப்பு என்னோடது."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையால குட்த்தேன் ஐரீனு," என்றார். "அவன் சில நாளு வேணாம்பான். வயிறு செரில்லம்பான். பங்குன்னா பங்குதான், போட்றா பாயின்னு வாய்ல திணிச்சிருக்கேன்."

ஆலிஸ் கையிலிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஐரீனுக்கு அழுகை வந்தது. இவரை இப்படி உட்கார வைத்தது யார்? அன்றைக்கே சொல்லியிருந்தால், அட போம்மா என்று இரண்டு பேரும் சிரித்துத் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த நாள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள். இரண்டு வருஷம் ஊறப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் அது எப்படி இறங்கும்?

பாஸ்கல் கையை மடியில் துடைத்துக்கொண்டார். "மத்த பத்து பேராண்டயும் வூடு வூடா போய் சொல்லப் போறியா? பாதிப் பேரு நம்ப மாட்டான். கோயில்ல படிச்சாங்க, அத்தான் போனோம். இத்தயும் கோயில்லயே படிக்கச் சொல்லு. எழுதிக் குடு. நாளிக்கு நான் பாய வாசலாண்ட கூட்டிகினு வரேன். ஸ்பீக்கர்ல அவனுக்கும் கேக்கும்."

ஐரீன் அன்றிரவே எழுதி, காலை பூசைக்கு முன்னால் சாமியாரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடி படித்தார். கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் ஓலை. சாண்ட்ராவுக்கும் மாப்பிள்ளைக்கும் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். வழக்கம்போல இருமல், குழந்தை அழுகை, செருப்பு யோசனை. அப்புறம் சாமியார் அந்தத் தாளைப் பிரித்தார்.

"நாலு வருடங்களுக்கு முன் நம் பங்கு மக்கள் பலர் ஒரு மாத்திரை ஆய்வில் கலந்துகொண்டார்கள். அதன் முடிவு இது. அந்த மாத்திரையால் மூச்சு இளைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஏழு பேருக்கு இதயப் படபடப்பு வந்தது. சிலர் மாத்திரையைப் பங்கிட்டுச் சாப்பிட்டதால், அது மருந்தினால் வந்தது என்பது அப்போது சரியாகப் பதிவாகவில்லை. இப்போது அறிவிக்கப்பட்டிருக்கும் புதிய ஆய்விலும் அதே மருந்துதான், அளவு இரு மடங்கு. பெயர் கொடுத்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமை போக வேண்டாம். போகிறவர்கள் பழைய விவரம் எதையும் மறைக்க வேண்டாம், மாத்திரையைப் பங்கு போடவும் வேண்டாம்."

பெயர் கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஐரீன் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் ஒரு வரி இருந்தது. 'இந்த விவரம் இரண்டு வருடங்களாக எனக்குத் தெரியும். என் பெயர் கெடும் என்று மறைத்தேன். ஐரீன்.'

தாளை மடிக்கும் சத்தம் மைக்கில் கேட்டது. "எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக," என்றார் சாமியார்.

அவர் அந்த வரியை விட்டுவிட்டார். பாவம், அவள்மேல் இருந்த இரக்கத்தால்தான் விட்டார். அவளும் இப்படித்தானே, வெறும் நாலு வரியை விட்டாள்?

வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல வேளை நீ சொன்னே, உன்னால தப்பிச்சோம், நீ நல்லாயிருக்கணும். ஒவ்வொரு வார்த்தையும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மெழுகுவத்திக் கடை ஓரத்தில் பக்ருதீன் நின்றிருந்தார், பக்கத்தில் பாஸ்கல். பக்ருதீனின் முகம் விரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்த மனிதர் நிமிர்ந்து நின்றதில் ஒரு சாண் வளர்ந்தாற்போலத் தெரிந்தார்.

"அப்ப என் நெஞ்சு மெய்யாலுமே நல்லாத்தான் கீதாம்மா?" என்றார். "பாஸ்கல் வேற என் கையப் புடிச்சுகினு அழுவுறான், லூசுப் பையன். நீ இன்னாடா பண்ணுவ, தெரிஞ்சா குட்த்த? இப்பத்தான் கண்டுபுடிச்சீங்களாம்மா இத்த?"

ஐரீன் வாயைத் திறக்குமுன் பாஸ்கல் முந்திக்கொண்டார். "ஆமாண்டா. இப்பத்தான் தெரிஞ்சுதாம்." அவள் பக்கம் திரும்பி, விடு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்.

இந்தப் பாவத்திலும் பாதியை எடுத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தார். பேசாமல் தலையாட்டினால் போதும்.

"இல்ல பாய்," என்றாள் ஐரீன். "ரெண்டு வருஷமா தெரியும். அன்னிக்கு நீங்க வந்து கேட்டப்பவே தெரியும். உங்களாண்ட பொய் சொன்னேன்."

பக்ருதீன் அவளைப் பார்த்தார். முகத்தில் இருந்த விரிவு உடனே போகவில்லை. கேட்டது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. சட்டைப் பையில் கைவிட்டு, பாதி தீர்ந்த இதய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடவுன்ல என் எடத்துல இப்ப வேற ஆளு கீறான்," என்றார். சத்தம் போடவில்லை. நேரத்தைக் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "போன ரம்ஜானுக்குப் பேரன் தூக்குன்னு கைய நீட்னான். தூக்கல."

மாத்திரை அட்டையை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பாஸ்கல் ஐரீனை ஒரு தடவை பார்த்தார், நண்பனைப் பார்த்தார், மூச்சு வாங்க அவர் பின்னால் போனார்.

அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. அது ஐரீனுக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும், அட்டையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மீன்கூடைக்காரிகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே அந்த இரண்டு முதுகுகளும் போய்க்கொண்டிருந்தன. "பாய்," என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. ஐரீன் செருப்பைக்கூடத் தேடாமல், அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்தாள்.